மேலரியின் ஆர்தர் கதை: பெங்குவினா, ஆக்ஸ்ஃபோர்டா?

15ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மேலரியின் ஆர்தர் மன்னர் கதைகளைப் படிக்க நினைப்பவர் முன்னால் இரண்டு நல்ல பதிப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் எழுத்துக்கூட்டல் இன்றைய ஆங்கிலம்தான். மூலம்தான் வேறு.

பெங்குவின் பதிப்பு, 1485இல் அச்சாளர் காக்ஸ்டன் அச்சிட்டதைப் பின்பற்றுகிறது. முழு நூலும் இரண்டு தொகுதிகளாக வந்திருக்கிறது. காக்ஸ்டன் அதை 21 நூல்களாகவும் குட்டி அத்தியாயங்களாகவும் பிரித்ததால், தினமும் கொஞ்சம் படிக்க வசதி.

ஹெலன் கூப்பரின் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்போ 1934இல் வின்செஸ்டர் கல்லூரியில் கிடைத்த கையெழுத்துப் பிரதியிலிருந்து வருகிறது. அந்தப் பிரதியில் வீரர்களின் பெயர்கள் சிவப்பு மையில் இருக்கும். பார்க்கவே அவ்வளவு அழகு! ஆர்தர் ரோமோடு போரிடும் பகுதியைக் காக்ஸ்டன் பதிப்பு பாதியளவுக்குச் சுருக்கிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில்தான் அதன் பழைய, மோனை ததும்பும் நடை கேட்கிறது. அதற்காகவே இதை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

ஆனால் இது சுருக்கப் பதிப்பு. ஆர்தரின் வீரர்களில் ஒருவரான டிரிஸ்ட்ராமின் கதையில் நிறைய வெட்டு. நீண்ட போட்டிச் சண்டைகளில் சலிப்பவருக்கு அது நல்லதுதான். டிரிஸ்ட்ராமுக்காகவே வருகிறவர் பெங்குவினை எடுக்கட்டும்.