ஏ9 வீதியில் ஒரு பழைய லெவின்: ஒன்பது வருடப் பாவனை

2016 ஆவணியில் கண்டிப் பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்த கார் இது. 1993ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா லெவின், ஏஇ101 மாடல், ஜிடி-ஏபெக்ஸ் வகை. இரண்டு கதவு, ஐந்து கியர், 1,587 சிசி, 20 வால்வு. வாங்கும்போது மீற்றரில் 148,000 கிலோமீற்றர். இப்போது 231,000 தாண்டிவிட்டது. இடையில் ஓடியதில் பெரும்பகுதி வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில். வேலை நாட்களில் வவுனியாவில் தங்குகிறேன், வெள்ளி பின்னேரம் வீட்டுக்குப் போகிறேன். மிச்சம் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, வருடத்தில் இரண்டு மூன்று தடவை கொழும்பு.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, மூடி வைக்காமல் ஓட நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: நம்பி ஓடலாமா? ஓடலாம். எந்தக் கார் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நான் ஒன்றரை வருடம் தேடினேன். மாஸ்டா ரோட்ஸ்டர் ஒன்று கைக்கு வந்தது. அதன் ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தப் பத்து நிமிடம் இன்னும் மறக்கவில்லை, அவ்வளவு வடிவான ஓட்டம். ஆனால் இரண்டே இரண்டு சீற், கன்வஸ் கூரை. சித்திரை வெயிலும் கார்த்திகை மழையும் அந்தக் கூரையை என்ன செய்யும் என்று யோசித்தேன். வீட்டில் அம்மா இருக்கிறா, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எம்ஆர்2வில் என்ஜின் சீற்றுக்குப் பின்னால், றேடியேட்டர் முன்னால், தண்ணீர் காரின் நீளம் முழுக்கக் குழாயில் ஓடி வரவேண்டும். எங்களூர் வெக்கைக்கு அது எனக்குத் துணிவு தரவில்லை. ஆர்எக்ஸ்-7இன் சுழல் என்ஜினைத் திறந்து பார்த்த மெக்கானிக் ஒருவரையும் வவுனியாவில் நான் காணவில்லை. அதோடு அந்த யோசனையை விட்டேன்.

லெவினைக் கொண்டு வந்து, எங்கள் குடும்ப வாகனங்களை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணையிடம் விட்டபோது, அவர் பொனட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் பார்த்தார். பிறகு கீழே படுத்துப் பார்த்தார். எழும்பி வந்து சொன்னார்: "தம்பி, இது நாங்கள் நெடுகப் பாக்கிற கொரோலாதான். ஹெட் மட்டும்தான் வேறை." நான் சொல்ல வந்ததும் அதுதான். வன்னியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை நம்பி ஓடவேண்டுமென்றால், அதன் அடிப்பாகம் ஊரிலே ஓடுகிற ஏதோ ஒரு சாதாரணக் காருடையதாக இருக்கவேண்டும்.

லெவினில் கீழ் ஆர்ம் புஷ், வீல் பெயாரிங், டை ரொட் எண்ட் எல்லாம் 100 என்கிற அதே காலத்துச் சாதாரணக் கொரோலாவின் குடும்பம். வவுனியா ஸ்பெயார்ஸ் கடைகளில் கேட்ட அன்றே எடுக்கலாம். என்ஜினின் கீழ்ப் பாதியும் அதே 4ஏ குடும்பம்தான்: சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 77, சாதாரண 4ஏ-எஃப்ஈ என்ஜினுக்கும் இதே அளவு. மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்தான் ஆளை மாற்றுகிறது. சிலிண்டருக்கு ஐந்து வால்வு, நான்கு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே விட நான்கு தனித்தனித் த்ரொட்டில். இந்த 4ஏ-ஜிஇ என்ஜினை டொயோட்டா உருவாக்கியது யமஹாவோடு சேர்ந்து. வெள்ளி நிற மூடி போட்ட இந்த வகை 7,400 சுற்றில் 160 குதிரைவலு தருகிறது. காரின் எடை ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் மேலே.

சரி, 160 குதிரைவலுவை வைத்துக்கொண்டு வன்னியில் என்ன செய்வது? ஊர்மனைக்கு வெளியே காருக்கு வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர், ஊர்மனைக்குள் 50. வளைவுகளும் மலையும் இல்லை. புளியங்குளம் தாண்டினால் வீதி கோடு போட்ட மாதிரி நேராகக் கிடக்கும். பொழுது சாயும் நேரத்தில் மாடுகள் தார் சூட்டுக்கு நடு வீதியில் வந்து படுக்கும். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். இங்கே வேகமாக ஓடுவது வீரமில்லை, கொலைக்குச் சமன். இந்தக் காரின் சந்தோஷம் வேகத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதன் கியர்கள் கிட்டக் கிட்ட அமைந்தவை. இரண்டாம் கியரிலேயே 70ஐத் தொடும்போது என்ஜின் 5,000 சுற்றைத் தாண்டியிருக்கும். நான்கு த்ரொட்டிலும் ஒன்றாகத் திறந்து காற்றை இழுக்கும் அந்தச் சத்தம், அடிவயிற்றில் தொடங்கி டாஷ்போர்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது எல்லை மீறியிருக்க மாட்டீர்கள். இருநூறு முந்நூறு குதிரைவலுக் காரில் அந்த இடத்துக்குப் போக எங்கள் வீதி விடாது. சின்ன என்ஜின், பாரமில்லாத உடம்பு, கிட்டக் கிட்டக் கியர்: ஏ9க்குப் பொருத்தம் அதுதான்.

இனி வருத்தம் தந்த இடங்கள்.

வாங்கி ஏழாம் மாதம் ஐட்லிங் கூடிக் குறையத் தொடங்கியது. சிவப்பு விளக்கில் நின்றால் ஊசி 800இலிருந்து 1,500க்குப் போகும், திரும்ப இறங்கும், மூச்சு வாங்குகிறவன் நெஞ்சு மாதிரி. கொழும்பில் ஒரு கராஜில் கொடுத்தேன். சென்சர் என்றார்கள், கம்பியூட்டர் பெட்டி என்றார்கள், இரண்டையும் மாற்றிக் காசு வாங்கினார்கள். வருத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் எங்கள் அண்ணைதான் கண்டுபிடித்தார். என்ஜினை ஓடவிட்டு, கார்ப் கிளீனர் டப்பாவில் மெல்லிய குழாயைச் செருகி, த்ரொட்டிலுக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் ரப்பர் இணைப்புகளில் ஒவ்வொன்றாக ஒரு சொட்டு அடித்தார். முதலாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் அடித்தவுடன் என்ஜின் சத்தம் திடீரென்று மேலே எழும்பியது. கழற்றிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதனூடாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போயிருக்கிறது. மேலிருந்து எத்தனை தரம் பார்த்தாலும் தெரியாது. நான்கையும் மாற்றினோம்.

மாற்றியபின் நான்கு த்ரொட்டிலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு வாக்குவம் மீற்றர் இருக்கிறது. அண்ணையிடம் அன்று இருக்கவில்லை. முக்கால் மீற்றர் ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொரு வாயிலும் பிடித்து, காற்று இழுபடும் சீறலைக் கேட்டுக் கேட்டுத் திருகினார். என்னையும் கேட்கச் சொன்னார். முதல் மூன்றும் ஒரே சுருதி, நான்காவது கொஞ்சம் கனத்தது. கால் சுற்று திருகியதும் நான்கும் ஒன்றாகிவிட்டது. பிறகு மீற்றர் வாங்கிச் சரிபார்த்தோம், கிட்டத்தட்டத் தொடவே தேவைப்படவில்லை. அந்த அண்ணையின் காது மேல் எனக்கு இருக்கும் மரியாதையை எழுத்தில் சொல்ல முடியாது.

இரண்டாவது வருத்தம் 2019 சித்திரையில். கனகராயன்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வெப்ப ஊசி பாதியைக் கடந்து ஏறியது. கண்டவுடன் ஒரு பாலை மரத்தடியில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். றேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி விளிம்பில் பிளந்து, பச்சைத் தண்ணீர் நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று கிலோமீற்றர் போயிருந்தால் ஹெட் கஸ்கெட் போயிருக்கும், அதோடு ஹெட்டும் வளைந்திருக்கும். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து உதவினார், காசு நீட்டியும் வாங்கவில்லை. கழற்றிய றேடியேட்டரின் குழாய்களுக்குள் வெள்ளைப் படிவு. முந்திய சேர்விஸில் யாரோ கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். எங்களூர்க் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் என்ன செய்கிறதோ, அதையேதான் என்ஜினுக்குள்ளும் செய்கிறது. அன்றிலிருந்து கூலண்டும் வடித்த தண்ணீரும் தவிர வேறெதுவும் ஊற்ற விடுவதில்லை. பின் டிக்கியில் ஐந்து லீற்றர்க் கேன் எப்போதும் இருக்கும். இப்போது முழு அலுமினியத் தாங்கி போட்ட றேடியேட்டர் போட்டிருக்கிறேன்.

வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது கணக்கு. பழைய காரை வாங்கினால் முந்திய ஆள் என்ன சொன்னாலும் வாங்கிய கிழமையே மாற்றுங்கள். 16 வால்வு 4ஏ-ஜிஇயில் பெல்ட் அறுந்தால் தப்பலாம், 20 வால்வில் வால்வு வளைந்துவிடும். தண்ணீர்ப் பம்பையும் அதே நேரம் மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான்.

பெற்றோல்: அமுக்க விகிதம் 10.5க்கு 1, அதனால் 95 ஒக்டேன்தான் அடிக்கிறேன். எங்கள் பக்கத்துச் செட்களில் 95 எல்லா நாளும் கிடைக்காது, வவுனியாவில் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவேன். வேறு வழியில்லாமல் 92 அடித்த நாட்களில் என்ஜின் தட்டுவதை உணரும் நொக் சென்சர் இக்னிஷன் நேரத்தைப் பின்தள்ளிக்கொள்ளும். ஓட்டம் மந்தமாகும், ஆனால் கெடுதி இல்லை, மெதுவாக ஓடினால் சரி. ஏ9இல் லீற்றருக்கு 11, சில நேரம் 12 கிலோமீற்றர் தருகிறது. 2022 ஆடியில் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனபோது, பெரிய ஜீப் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். எனக்கு அந்த 20 லீற்றரில் வீட்டுக்குப் போய் வரவும் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் முடிந்தது.

வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: லெவின்களில் சூப்பர் ஸ்ட்ரட் என்ற முன் சஸ்பென்ஷன் போட்டவை உண்டு. வளைவில் அது அருமை. ஆனால் அதன் கீழ் ஆர்ம் இரண்டு துண்டு, பந்து மூட்டுகள் கொரோலாவுக்கு வராது, புதிதாகத் தேடினால் கிடைப்பது அபூர்வம். எங்கள் கிறவல் ரோட்டுக்கு அது வேண்டாம். சாதாரண ஸ்ட்ரட் உள்ளதைப் பாருங்கள். பின் சக்கரத்தில் டிஸ்க் இருப்பதால் பிரேக் பாட் மட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார்ஸ் கடைகளிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கும். ரயர் 185/60ஆர்14, எங்கும் உள்ள அளவு. செசி நம்பர் ஏஇ100 என்று தொடங்கினால் அது 1,500 சிசி கார், உள்ளே 20 வால்வு என்ஜின் இருந்தால் யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது தப்பில்லை, ஆனால் வாகனப் புத்தகத்தில் என்ஜின் நம்பர் பதிந்திருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பின் வீல் ஆர்ச்சின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள், துரு அங்கேதான் தொடங்கும். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்பெயார் ரயர் குழியையும் பாருங்கள்.

காரைத் தாழ்த்தாதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். கொழும்பில் தாழ்த்தி அழகு பார்த்த காரை இங்கே கொண்டுவந்து, முதல் மாரியிலேயே எண்ணெய்த் தொட்டியை உடைத்துக்கொண்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். நான் தொழிற்சாலை உயரத்திலேயே வைத்திருக்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கமும் முத்தையன்கட்டுக் குளக்கட்டுப் பக்கமும் போய் வந்திருக்கிறேன், அடிபட்டதில்லை.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றது, 2025 மாசியில் தனியார் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் முப்பது வருடக் காரை யாரும் கொண்டுவர முடியாது, வயதெல்லை இருக்கிறது. ஆக நாட்டில் இருக்கிற லெவின்கள்தான் இனி உள்ள லெவின்கள். அதனால் ரப்பர் இணைப்புகள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் ஒவ்வொன்றிலும் ஒரு சோடி வாங்கிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். மாரியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் பிடித்து இரண்டு தடவை காலையில் ஸ்டார்ட் வரவில்லை, துணியால் துடைத்தவுடன் எடுத்தது.

போன வெள்ளி முறிகண்டிவரை போனோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பின் சீற்றிலிருந்து சின்னவள் கேட்டாள்: "அப்பா, அந்தச் சத்தம் போடுங்கோ." மாங்குளம் பக்கம் திருப்பி, வீதி காலியா என்று பார்த்து, இரண்டாம் கியரில் 70வரை இழுத்தேன். அம்மா முன் சீற்றில் கச்சான் உரித்துக்கொண்டிருந்தா, தலை நிமிரவில்லை.