முதலில் நாக்கா, என்.பி.ஏ.வா?

தரச்சான்று பெற முனையும் பொறியியல் கல்லூரிகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. நாக் (NAAC) என்பது தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை; என்.பி.ஏ. (NBA) என்பது தேசியத் தரச்சான்று வாரியம். கலை அறிவியல் கல்லூரிக்குப் பெரும்பாலும் இந்தக் குழப்பம் இல்லை, நாக்தான்.

எதை மதிப்பிடுகிறது?
நாக்: முழு நிறுவனத்தையும்; 2024 அறிவிப்புக்கு முந்தைய முறையில் 7 அளவுகோல்களில்.
என்.பி.ஏ.: ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாக. ஆகவே பாடப்பிரிவு கூடக் கூடக் கட்டணமும் கூடும்.

தரவு
நாக்: அந்த முந்தைய முறையில் கடந்த 5 ஆண்டுகள்.
என்.பி.ஏ.: பெரும்பாலும் 3 ஆண்டுகள். ஆனால் தோண்டும் ஆழம் அதிகம்.

சிக்கல் எங்கே?
நாக்கில் பலர் சறுக்குவது குழு வருகைக்கு முன்பே, தரவுச் சரிபார்ப்பில். கல்லூரி நாக்குக்குத் தரும் சுய ஆய்வறிக்கையில் ஒரு மாணவர் எண்ணிக்கை, ஏ.ஐ.எஸ்.எச்.இ. (AISHE, அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு) பதிவில் வேறொன்று என்றால் விளக்கம் கேட்பார்கள். பிற நிறுவனத்தோடு கையெழுத்தான ஒப்பந்தம் இருந்தும் அதன்கீழ் நடந்த நிகழ்ச்சிக்குச் சான்று இல்லையென்றால் கணக்கில் ஏறும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை குறையும்.
என்.பி.ஏ.வில் கோளாறு, பாட விளைவுகளை (ஒரு பாடம் முடிந்ததும் மாணவர் பெற வேண்டிய திறன்கள்) பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்தும் அட்டவணையில். அட்டவணையின் எல்லாக் கட்டங்களிலும் 3 (மிக வலுவான பொருத்தம்) போட்டுவைப்பது பழைய வியாதி. "ஏன் 3?" என்று கேட்டால், வினாத்தாளின் எந்தக் கேள்வி எந்த விளைவை அளக்கிறது என்று ஆசிரியர் காட்ட வேண்டும். அடைவு குறைந்த இடத்தில் அடுத்த ஆண்டு என்ன மாற்றினீர்கள் என்பதற்கும் கூட்டக் குறிப்பு தேவை.

யாருக்கு எது?
ஓரிரு துறைகள் மட்டும் வலுவாக இருந்தால் அவற்றுக்கு என்.பி.ஏ. முதலில். துறைகள் சமநிலையில் இருந்து, நாக்குக்கு ஆண்டுதோறும் அனுப்பும் தர அறிக்கைகளும் ஒழுங்காக இருந்தால் நாக். அதற்கு முன் ஒன்று: நாக் A++, A போன்ற தரநிலைகளைக் கைவிட்டு, தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறைக்கு மாறும் அறிவிப்பு 2024இல் வந்தது. நடப்புக் கையேட்டைப் பார்க்காமல் பழைய படிவத்தை நிரப்ப வேண்டாம்.