ஆர்க் மோட்ல டேங்கிள் பண்ணும்போது ஸ்பேஸ் காணாம போகுதா? என்னோட 6 வருஷ அனுபவம்

புதுச்சேரி லாஸ்பேட்டைல எங்க வீட்டு மொட்டை மாடில ஒரு மழைமானி இருக்கு. அப்பா தெனமும் காலைல எட்டரைக்கு மேல ஏறி அளவு பாத்து டைரில எழுதுவாரு, வானிலை ஆய்வு மையத்துல கணக்கு வைக்கிற மாதிரியே முந்தின நாள் எட்டரைலேர்ந்து இன்னிக்கு எட்டரை வரைக்கும் பெஞ்சதை இன்னிக்கு தேதில போடுவாரு. நான் அதை ஏத்தி மாச மொத்தம், வருஷ மொத்தம், கிராஃப் எல்லாம் பைத்தான்ல எடுப்பேன். 2019-லேர்ந்து இதுக்கு ஈமேக்ஸ்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல இருக்கிற ஆர்க் மோட் தான் யூஸ் பண்றேன், ஒரே ஃபைல்ல தமிழ்ல விளக்கமும் எழுதிட்டு நடுநடுவுல கோட் பிளாக்கும் வச்சிட்டு கடைசில டேங்கிள் கொடுத்தா பைத்தான் ஃபைல் தனியா வந்துடும். இதுக்கு லிட்டரேட் புரோகிராமிங்னு பேரு, கம்ப்யூட்டர் விஞ்ஞானி டொனால்ட் க்னூத் 1984-ல எழுதின கட்டுரைல சொன்னது, டேங்கிள்ங்கிற வார்த்தையே இப்படி எழுதறதுக்கு அவர் பண்ண வெப்ங்கிற சிஸ்டத்துலேர்ந்து (இன்டர்நெட் வெப் இல்ல) வந்ததுதான். கம்ப்யூட்டருக்கு புடிச்ச வரிசைல இல்லாம படிக்கிறவங்களுக்கு புரியிற வரிசைல எழுதலாம், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் அது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி இங்க கரையைக் கடந்துச்சு, 24 மணி நேரத்துல புதுச்சேரில 48 செ.மீ கிட்ட மழை, அந்த அளவு டிசம்பர் 1 தேதிலதான் வரும். மாசம் முடிஞ்சு நான் ரிப்போர்ட் எடுத்து அப்பாகிட்ட கொடுத்தேன், அவரு கண்ணாடிய போட்டுட்டு பாத்துட்டு "என்னம்மா இது, டிசம்பர் மொத்தம் 0-ன்னு போட்டிருக்கு, ரெயின்போ நகர்ல போட் விட்டாங்களே"ன்னாரு. எரர் ஒண்ணும் வரல, கிராஃப் கூட ஒழுங்கா இருந்துச்சு, மொத்தம் மட்டும் 0.

ரெண்டு ராத்திரி தேடினேன். காரணம் இதுதான். அந்த மாசம்தான் நான் ஒரு பெரிய பிளாக்கை ரெண்டா வெட்டியிருந்தேன், அளவு விட்டுப்போன நாளை எப்படி எடுத்துக்கணும்னு நடுவுல நாலு வரி விளக்கம் எழுதறதுக்காக. முதல் பிளாக்ல ஒவ்வொரு நாளுக்கும் திரும்பத் திரும்ப ஓடற ஃபார் லூப்போட தலைவரியும் அந்த நாளோட அளவை எடுக்கிற வரியும், ரெண்டாவது பிளாக்ல மொத்தத்தோட கூட்டுற வரி மட்டும், முன்னாடி 4 ஸ்பேஸோட. ஆர்க் மோட் சும்மா விட்டா டேங்கிள் பண்றப்ப ஒவ்வொரு பிளாக்லயும் எல்லா வரிக்கும் பொதுவா இருக்கிற முன் ஸ்பேஸை வெட்டி எறிஞ்சிடும். என் ரெண்டாவது பிளாக்ல இருந்ததே 4 ஸ்பேஸ் தானே, அது போச்சு, கூட்டுற வரி லூப்புக்கு வெளிய வந்து நின்னுடுச்சு. பைத்தானுக்கு அது சரியான கோட் தான், லூப் முழுசா ஓடி முடிஞ்ச பிறகு ஒரே ஒரு தடவை கூட்டும், அதாவது கடைசி நாள் அளவை மட்டும். டிசம்பர் 31 மழை இல்ல, அதான் 0.

எரர் வந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல புடிச்சிருப்பேன். இதே மாதிரி கிளாஸ்க்குள்ள இருக்க வேண்டிய ஃபங்ஷனை தனி பிளாக்ல வச்சாலும் அது வெளிய வந்து தனி ஃபங்ஷனா நின்னுடும், அதை கூப்பிடற வரைக்கும் யாருக்கும் தெரியாது. பைத்தான்ல ஸ்பேஸ்னா அலங்காரம் இல்ல, அதுதான் அர்த்தமே.

ஆர்க் ஏன் இப்படி வெட்டுதுன்னு நியாயமா சொல்லணும்னா, அது பிளாக்குக்குள்ள கோடை அழகுக்காக 2 ஸ்பேஸ் உள்ள தள்ளி வைக்கும், எடிட் பண்ணிட்டு திரும்ப வரும்போது அதுவே சேர்த்துடும், அப்புறம் டேங்கிள் பண்றப்ப அந்த 2-ஐ எடுத்தாகணும் இல்லியா. ஆனா தான் சேர்த்தது எது நான் போட்டது எதுன்னு அதுக்கு தெரியாது. முழு ஃபங்ஷனா பிளாக் வைக்கிறவங்களுக்கு இது பிரச்னையே இல்ல, துண்டு துண்டா எழுதறவங்களுக்குதான் ஆபத்து, லிட்டரேட் புரோகிராமிங்னாலே துண்டு துண்டா எழுதறதுதானே, அதனால இந்த டீஃபால்ட் எனக்கு இன்னிக்கும் ஒத்துக்கல.

தீர்வு, ஆர்க்-எஸ்ஆர்சி-பிரிசர்வ்-இன்டென்டேஷன்னு ஒரு வேரியபிள், அதை ஆன் பண்ணா நாம வச்ச ஸ்பேஸ் வச்சபடியே போகும். ஒரு பிளாக்குக்கு மட்டும் வேணும்னா பிளாக் ஆரம்பிக்கிற வரில மொழி பேருக்கு அப்புறம் மைனஸ் போட்டு சின்ன ஐ எழுதினா போதும். நான் மொத்தமா ஆன் பண்ணேன், உடனே இன்னொரு தலைவலி, ஏன்னா 5 வருஷமா அதுவே சேர்த்து வச்ச அந்த 2 ஸ்பேஸ் பழைய பிளாக் எல்லாத்துலயும் இருந்துச்சு, இப்ப அதுவும் அப்படியே ஃபைலுக்கு வந்து பைத்தான் எதிர்பாக்காத இன்டென்ட்னு கத்துச்சு. ஒவ்வொரு பிளாக்கா போய் இடது பக்கம் ஒட்ட தள்ளினேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல் நாளே இதை ஆன் பண்ணிடுங்க, இந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு மிச்சம்.

மேக்ஃபைல் கதையும் இதேதான், அதாவது மேக்ங்கிற டூல் எந்தெந்த கமாண்டை ஓட்டணும்னு எழுதி வைக்கிற ஃபைல். மேக்குக்கு கமாண்ட் வரி முன்னாடி டேப் தான் இருக்கணும், ஸ்பேஸ் இருந்தா செப்பரேட்டர் காணோம்னு நின்னுடும். என் ஈமேக்ஸ்ல டேப் வேணாம் ஸ்பேஸ் போதும்னு பொதுவா செட் பண்ணியிருந்தேன், அதனால பழைய செட்டிங்ல ஸ்பேஸ் வெட்டும்போது டேப் வெறும் ஸ்பேஸா மாறி வந்துச்சு. கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது, கேட் கமாண்டுக்கு பெரிய ஏ ஆப்ஷன் கொடுத்து பாத்தப்பதான் டேப் இருக்க வேண்டிய எடத்துல அந்த தொப்பி குறியும் ஐயும் இல்லன்னு புரிஞ்சுது. பிரிசர்வ் ஆன் பண்ணதும் அதுவும் சரியாச்சு. நார்மன் ராம்ஸியோட நோவெப்ங்கிற லிட்டரேட் புரோகிராமிங் டூல்ல கூட, அதோட டேங்கிள் கமாண்டான நோடேங்கிளுக்கு மேக்ஃபைல்னா டி8 ஆப்ஷன் தனியா கொடுக்கணும், ஆக இந்த தொல்லை ரொம்ப பழசு.

காலி வரி பத்தி சின்னதா ஒண்ணு, ரெண்டு பிளாக் ஒரே ஃபைலுக்கு போனா நடுவுல ஒரு காலி வரி அதுவே விடும். மேக்ஃபைல்ல ஒரு வரியை அடுத்த வரிக்கு தொடர வச்சு அந்த எடத்துல பிளாக்கை வெட்டினீங்கன்னா உடையும், பிளாக் ஆரம்பிக்கிற வரில பேட்லைன் நோன்னு போட்டு அந்த காலி வரியை நிறுத்துங்க.

ஆனா உண்மையிலேயே எனக்கு நிம்மதி கொடுத்தது ஆர்க்லயே இருக்கிற நோவெப் ரெஃபரன்ஸ், அதாவது ஒரு துண்டை பேர் சொல்லி கூப்பிடறது. கூட்டுற துண்டுக்கு ஒரு பேரு வச்சு, லூப்புக்குள்ள எந்த எடத்துல அது வரணுமோ அங்க 4 ஸ்பேஸ் விட்டு அந்த பேரை ரெட்டை கோணக்குறிக்குள்ள எழுதிடுவேன், டேங்கிள் பண்றப்ப அந்த பேருக்கு முன்னாடி இருக்கிறது எல்லா வரிக்கும் முன்னாடி தானா வந்துடும். துண்டு அதோட பிளாக்ல இடது ஓரத்துலயே இருக்கலாம், எவ்ளோ உள்ள போகணும்னு கூப்பிடற எடம் முடிவு பண்ணும். மாச மொத்தத்துக்கும் வருஷ மொத்தத்துக்கும் ஒரே துண்டை ஒரு எடத்துல 4 ஸ்பேஸ்லயும் இன்னொரு எடத்துல 8 ஸ்பேஸ்லயும் கூப்பிடறேன். கவனிக்க வேண்டியது, முன்னாடி இருக்கிறது ஸ்பேஸா இல்லாம எழுத்தா இருந்தாலும் அதுவும் ஒவ்வொரு வரிக்கும் போய் ஒட்டிக்கும், கமென்ட் குறிக்கு அது நல்லது, மேற்கோள் குறிக்கு அப்புறம் கூப்பிட்டா நாசம். ஆர்க் 9.6-லேர்ந்து நோவெப்-ப்ரிஃபிக்ஸ் நோன்னு போட்டு நிறுத்தலாம்.

இன்னும் எனக்கு உறுத்தற ஒண்ணு இருக்கு. லிஸ்ட்டுக்குள்ள பிளாக் வச்சா அது லிஸ்ட்டோட சேந்து உள்ள தள்ளி நிக்கும், பிரிசர்வ் ஆன்ல இருந்தா அந்த ஸ்பேஸும் ஃபைலுக்கு போயிடும். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கிற என் தோழி அவ நோட்ஸ் முழுக்க லிஸ்ட்ல தான் எழுதுவா, அவளுக்கு பிரிசர்வ் ஆஃப்லயே வச்சிட்டு நோவெப் பேரு மட்டும் யூஸ் பண்ணுன்னு சொன்னேன், அவளுக்கு அது நல்லா செட் ஆயிடுச்சு. நான் லிஸ்ட்டுக்குள்ள பிளாக் வைக்கிறதையே விட்டுட்டேன், தலைப்பு போட்டு பிரிச்சு எழுதறேன்.

டேங்கிள் பண்ணி வந்த ஃபைலையும், ஃபைல்ல வர்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிவு பண்ணி வைக்கிற கிட்ங்கிற டூல்ல போட்டு வச்சிருக்கேன், தேவையில்லன்னு சிலர் சொல்வாங்க, ஆனா விளக்கத்துல ஒரு வாக்கியம் மாத்திட்டு டேங்கிள் பண்ணா கோட் ஃபைல்ல ஒரு எழுத்து கூட மாறக்கூடாது, மாறுச்சுன்னா என்ன மாறுச்சுன்னு காட்டற டிஃப்ல உடனே தெரியும். டிஃப் பாக்கும்போது ஸ்பேஸை விட்டுடுங்கிற ஆப்ஷனை மட்டும் போடாதீங்க. அப்பா இப்ப மாச கடைசில டைரிலயே கையால கூட்டி கீழ எழுதி வச்சிடறாரு, அந்த எண்ணையும் நான் ஏத்திடறேன், ஸ்கிரிப்ட் ரெண்டையும் ஒப்பிட்டு பாத்து ஒத்து வந்தாதான் ரிப்போர்ட்டே போடும்.