புழுங்கல் ஆலைக் கழிவுநீர்: உரிமமா, கொள்வனவாளர் ஒப்பந்தமா?

இலங்கையின் அம்பாறைப் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலைகளின் கழிவுநீரைக் கட்டுப்படுத்த இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். நிபந்தனையை மீறினால் வழக்கு வரை போகலாம். ஓட்டை, கழிவுநீர் மாதிரி எடுக்கும் நேரத்தில். நெல் ஊறிய தொட்டியைத் திறக்கும்போதுதான் புளித்த தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கும். பிந்தி வரும் அதிகாரியின் போத்தலில் தொட்டி கழுவிய தண்ணீரே நிறையும். எந்தத் தொட்டி எத்தனை மணிக்குத் திறந்தது என்ற பதிவேட்டை முதலில் கேட்க வேண்டும்.

மற்றது, அரிசி வாங்கும் நிறுவனம் கழிவுநீர் நிபந்தனையோடு ஆலையுடன் செய்யும் ஒப்பந்தம். மீறினால் கொடுப்பனவை நிறுத்திவைத்தால் வழக்கைவிட வேகமாக உறைக்கும். ஆனால் சந்தைக்கு மட்டும் விற்கும் ஆலையை அது தொடாது. ஓடரை எடுத்தவர் ஊறவைப்பதைப் பக்கத்துச் சின்ன ஆலைக்குத் தள்ளிவிட்டால் நிறுவனத்தின் தணிக்கைக்கும் தெரியாது. ஊறவைக்கும் இடத்தின் உரிம இலக்கத்தை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் அது வெறும் கடதாசிதான்.