சிக்கன விலையில் ஒரு தையல் இயந்திரம்: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவருக்கு ஒரே வகை வேலை வருவதில்லை. பட்டுச் சேலைக்கு ரவிக்கை, பஞ்சாபி உடை, இடைநிலைப்பள்ளி மாணவிக்கு வெள்ளைப் பாஜு கூரோங் (மலாய்ப் பெண்களின் நீண்ட மேலங்கியும் பாவாடையும்), தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குக் கருநீலப் பினஃபோர் என்று வேலை மாறிக்கொண்டே இருக்கும். இடையிடையே ஜிப் மாற்றித் தரச் சொல்வார்கள். செம்பனைத் தோட்டத்து வேலைக்குப் போட்டுப்போகும் தடித்த கால்சட்டையின் கிழிசலை அடைத்துத் தரச் சொல்வார்கள். ஆகவே இங்கே இயந்திரம் தேடுகிறவர், ஒரு துணியை மிக அழகாகத் தைக்கும் இயந்திரத்தைவிட, மெல்லிய ஷிஃபானையும் லைனிங் வைத்த கனத்த பட்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் தாங்குகிற இயந்திரத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நான் வாங்கி மூன்றாண்டுகளுக்கு மேல் ஓட்டிவரும் இயந்திரத்தை இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் சொல்லாமல் விடுகிறேன். மாடல் எண்கள் சில ஆண்டுகளில் மாறிவிடும். அமைப்பு மாறுவதில்லை, அதே அமைப்பில் பல நிறுவனங்கள் இயந்திரம் விற்கின்றன. என்னுடையது திருகுக் குமிழ்களால் இயங்கும் மெக்கானிக்கல் வகை. உள்சட்டம் உலோகம், வெளிக்கூடு பிளாஸ்டிக். இருபதுக்கும் மேற்பட்ட தையல் வகைகள் உண்டு. அடிநூல் சுற்றிய பாபினை மேலிருந்து போடும் அமைப்பு, ஒரே முறையில் காஜா எடுக்கும் பாதம் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்), கைப்பகுதியையும் கால்சட்டைக் காலையும் நுழைத்துத் தைக்க ஏதுவான குறுகிய கை ஆகியவை அதில் இருக்கின்றன. இந்த வகையில் பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டாக சிங்கர் 4423-ஐச் சொல்லலாம்: அதில் 23 தையல் வகைகள், நிமிடத்துக்கு 1,100 தையல் வரை வேகம்.

கையில் ஒதுக்கிவைத்திருந்த பணம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). முழுத் தொகையையும் ஒரே இயந்திரத்தில் போட்டிருந்தால் திரையும் பொத்தான்களும் கொண்ட கணினி வகை இயந்திரமே கிடைத்திருக்கும். அதில் உண்மையான நன்மைகள் இல்லாமலில்லை. மெதுவாகத் தைக்கும்போதும் ஊசி முழு வலுவோடு இறங்கும்; மிதியிலிருந்து காலை எடுத்ததும் ஊசி நாம் விரும்பியபடி துணிக்குள்ளேயோ மேலேயோ நிற்கும்; காஜாக்கள் அனைத்தும் ஒரே அளவில் வரும். ஆனால் அதன் மின்னணுப் பலகையில் கோளாறு வந்தால் அதைத் திறந்து பார்க்க நம் ஊரில் ஆள் கிடையாது. பக்கத்து நகரமான ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அப்படி ஒரு காத்திருப்பு நேர்ந்தால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும். மாலை நேரத்து இடிமின்னல் இங்கே வழக்கமான ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்த்தபோது, மின்னணுப் பாகங்கள் குறைவாக உள்ள இயந்திரமே போதும் என்று தோன்றியது.

எதிர்ப்பக்கத்தில், இணையக் கடைகளில் நூறு வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கும் கையடக்க இயந்திரங்கள் உள்ளன. பிள்ளைகள் பழகிப் பார்க்கவும் திரைச்சீலை ஓரம் மடிக்கவும் அவை உதவலாம். ரவிக்கையின் அக்குள் பகுதியில், மேல்துணியும் லைனிங்கும் கைப்பகுதியும் மடிப்புகளோடு சேர்ந்து எட்டு அடுக்காகும் இடத்தில், அவற்றின் மோட்டாரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது. தோட்டத்து வீடுகளில் இன்னும் காணக்கூடிய சிங்கர், பட்டர்ஃபிளை போன்ற கறுப்பு மிதி இயந்திரங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நேர்த்தையலில் அவை இன்றைய பல இயந்திரங்களை வெட்கப்பட வைக்கும், மின்சாரம் போனாலும் ஓடும். ஆயினும் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேர்த்தையல் மட்டுமே தெரியும்.

எனவே பணத்தை இரண்டாகப் பிரித்தேன். சுமார் 850 வெள்ளிக்கு இந்த மெக்கானிக்கல் இயந்திரம். மீதியில் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஓவர்லாக் இயந்திரம் (துணியின் ஓரம் பிரியாமல் தைப்பது) ஒன்று. எஞ்சிய சில்லறைக்கு ஊசிகள், கூடுதல் பாதங்கள், நூல். இந்தப் பிரிவினைதான் மற்ற எந்தத் தேர்வையும்விட என் தொழிலுக்குப் பயன்பட்டது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. தைக்கக் கொடுத்தவர் ரவிக்கையைக் கையில் வாங்கியதும் உள்பக்கத்தைத் திருப்பித்தான் பார்க்கிறார். பிசிறு தெரியாமல் ஓவர்லாக் அடித்த ஓரம், அழகுத் தையல்கள் நூறு இருந்தாலும் தராத நம்பிக்கையைத் தருகிறது. என் இயந்திரத்தில் உள்ள இருபத்துச் சொச்சம் வகைகளில் நேர்த்தையல், ஜிக்ஜாக், மறைமடிப்புத் தையல், நீட்சித் தையல், காஜா ஆகிய ஐந்தைத் தவிர மற்றவற்றைத் தொட்டதே அரிது. இலைக்கொடி போன்ற அலங்காரத் தையல்களை ஒரு சிறுமியின் பாவாடையில் ஒருமுறை போட்டுப் பார்த்ததோடு சரி.

வாங்குவதற்கு முன் ஈப்போ கடையில் சோதித்துப் பார்க்கும்போது கடைக்காரர் தரும் விறைப்பான பருத்தித் துணியில் தைத்துப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. அந்தத் துணியில் எந்த இயந்திரமும் நன்றாகத்தான் தைக்கும். நான் வீட்டிலிருந்து பட்டு, சாட்டின், லைனிங், பாஜு கூரோங்குக்கான வழுக்கும் துணி, ஜீன்ஸ் ஆகியவற்றின் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். துணியின் விளிம்பிலிருந்தே தைக்கத் தொடங்கினால் அடியில் நூல் சிக்குகிறதா, மிதியை மிக இலேசாக அழுத்தும்போது ஊசி கனத்த துணிக்குள் இறங்குகிறதா அல்லது மோட்டார் முனகிக்கொண்டு நிற்கிறதா, நூல் இறுக்கத்தை மாற்றாமலேயே இரண்டு வகைத் துணிகளில் மேலும் கீழும் தையல் ஒத்துவருகிறதா ஆகியவற்றைப் பார்த்தேன். நிமிடத்துக்கு எத்தனை தையல் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை நான் பொருட்படுத்தவில்லை. ரவிக்கையின் கழுத்து வளைவில் பைப்பிங் வைக்கும்போது வேண்டியது வேகமன்று, ஒவ்வொரு தையலாக நகரும் அடக்கம்தான். கடைக்காரர் சற்றே பொறுமை இழந்தார். அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

தவணையில் வாங்குவோர் ரொக்க விலையையும் தவணைகளின் மொத்தத்தையும் அருகருகே எழுதிப் பார்ப்பது நல்லது. தையல் இயந்திரத்துக்கும் தவணை முறைக்கும் உள்ள உறவு பழையது. சிங்கர் நிறுவனம் 1850களிலேயே அப்படி விற்கத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்குவதானால் 110 அல்லது 120 வோல்ட்டுக்குச் செய்த இயந்திரமா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 முதல் 240 வோல்ட், அதில் நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

இனி அன்றாடப் பயன்பாடு. நேர்த்தையலில் குறை சொல்ல இடமில்லை, ஆனால் மெல்லிய பட்டில் முதலில் சற்றுத் தொல்லை இருந்தது. ஜிக்ஜாக் தைக்கும் எந்த இயந்திரத்திலும் ஊசித்தகட்டின் துளை அகலமாகவே இருக்கும்; நடுவில் இறங்கும் ஊசி மெல்லிய துணியையும் தன்னோடு அந்தத் துளைக்குள் இழுத்துவிடும். ஊசியை இடப்பக்க நிலைக்கு மாற்றினால் துணிக்கு மூன்று பக்கமும் தகட்டின் தாங்கல் கிடைக்கிறது. அதோடு 9 அல்லது 11 ஆம் எண் ஊசியும், தையல் நீளம் 2 மில்லிமீட்டரும் வைத்தால் சுருக்கம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அப்போதும் அடங்காத ஷிஃபானுக்கு அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கிறேன். பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16, டி-சட்டைத் துணிக்கு முனை உருண்ட ஊசி என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. சரிகை நெய்த பட்டு ஊசியின் முனையை விரைவில் மழுங்கடித்துவிடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இரண்டு மூன்று பட்டு ரவிக்கைகளுக்கு ஓர் ஊசி என்று கணக்கு வைத்திருக்கிறேன். தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் ஓடுவதற்கு முன் புது ஊசியைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும்.

கனத்த அடுக்குகளில் இயந்திரம் ஏறுகிறது, ஆனால் தானாக ஏறுவதில்லை. பாதத்தின் முன்பகுதி மேட்டில் ஏறும்போது பின்பகுதி பள்ளத்தில் நிற்பதால் துணி நகராமல் ஒரே இடத்தில் தையல் குவிகிறது. அந்த நேரத்தில் பாதத்தின் பின்புறம், மடித்த துணித்துண்டு ஒன்றை அதே உயரத்துக்கு வைத்தால் பாதம் சமநிலைக்கு வந்து வழுக்கிச் சென்றுவிடும். ஜீன்ஸ் காலில் கைச்சக்கரத்தை நானே சுழற்றித்தான் அந்த நாலைந்து தையல்களைப் போடுகிறேன். உலோகச் சட்டம் என்று விளம்பரப்படுத்தும் இயந்திரங்களை எல்லாத் துணிக்கும் அஞ்சாதவை என்று எண்ணிவிடக் கூடாது. அவற்றின் மோட்டாரும் வீட்டு உபயோக அளவைச் சேர்ந்ததே.

மேலிருந்து போடும் பாபின் எனக்குப் பிடித்த அம்சம். ஒளிபுகும் மூடி வழியாக நூல் எவ்வளவு மீதியிருக்கிறது என்று தெரிவதால், கழுத்து வளைவின் நடுவில் நூல் தீர்ந்துபோகும் எரிச்சல் குறைந்துவிட்டது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாபின்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் உயரத்தில் சிறிது வேறுபடும், சில 11.5 மில்லிமீட்டர், சில 11.7. பசாரில் பொட்டலமாகக் கிடைப்பதை வாங்கிப் போட்டால் அடிநூலின் இழுப்பு மாறிவிடும். இயந்திரத்தின் கையேட்டில் குறிப்பிட்ட வகையையே வாங்க வேண்டும். பாபின் அமரும் பிளாஸ்டிக் கூட்டில், ஒருமுறை ஊசி முறிந்து குத்தியபோது கீறல் விழுந்து, அதன்பின் நூல் அடிக்கடி அறுந்தது. கூட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. இரும்புக் கூடுள்ள பழைய அமைப்பில் இந்தப் பலவீனம் இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊசியில் நூல் கோக்கும் சிறு கருவி முதலாண்டிலேயே வளைந்துவிட்டது. நான் அதைத் திரும்பப் பொருத்தவே இல்லை.

காஜா சீருடைச் சட்டைகளுக்குப் போதுமான அளவு நன்றாக வருகிறது. பொத்தானைப் பாதத்தின் பின்பகுதியில் செருகிவிட்டால் அதன் அளவை இயந்திரமே எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரு பக்க வரிசைகளில் ஒன்று நெருக்கமாகவும் மற்றது இடைவெளிவிட்டும் அமைவதுண்டு. அதைச் சரிசெய்யும் சிறு திருகு பக்கவாட்டில் இருக்கிறது. கழுத்துப்பட்டை மடிப்புக்கு அருகே கனம் கூடும் இடத்தில் நீண்ட பாதம் சிக்கிக்கொள்ளும் என்பதால் மேல் பொத்தானுக்கு மட்டும் குறுக்காகக் காஜா எடுக்கிறேன்.

தனித்தனி நூல்கண்டுகளை வாங்குவது கட்டுப்படியாகாது. ஓவர்லாக்குக்கு வாங்கும் பெரிய கூம்பு நூலையே இயந்திரத்துக்குப் பின்னால் தனி நூல்தாங்கி வைத்துப் பயன்படுத்துகிறேன். நேராக ஆணியில் செருகினால் கூம்பின் எடை இழுப்பைக் கெடுத்துவிடும்.

பராமரிப்பில் நம் காலநிலைக்கு ஏற்ற சில பழக்கங்கள் தேவை. ஈரக்காற்றில் ஊசித்தண்டும் பாதத்தண்டும் எளிதில் துருப்பிடிக்கும்; வேலை முடிந்ததும் துணி உறை போடுகிறேன், ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும் பிளாஸ்டிக் உறையைத் தவிர்க்கிறேன். பாபின் கூட்டைக் கழற்றித் தூரிகையால் பஞ்சுத்தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். வாயால் ஊதினால் தூசியோடு ஈரமும் உள்ளே போகும். கையேடு அனுமதிக்கும் இடங்களில் மட்டும், நிறமற்ற தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் போடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது காய்ந்து பிசினாகி, கடைசியில் கைச்சக்கரமே சுற்றாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வானம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

நாள்தோறும் ஒரே வகைச் சீருடையை டஜன் கணக்கில் தைப்பவருக்கு இந்த இயந்திரத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். நெடுநேரம் தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரும் மிதிக்கட்டையும் சூடாகின்றன. நடுவில் ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கிறது. பாஜு கூரோங்கின் நீண்ட நேர்த்தையல்களில் வேகம் போதவில்லை என்பதையும் உணர்கிறேன். அத்தகைய வேலைக்குத் தொழிற்சாலை நேர்த்தையல் இயந்திரமே சரி. ஜூக்கி டிடிஎல்-8700 போன்றவை நிமிடத்துக்கு 5,500 தையல் வரை போகக்கூடியவை. அவற்றுக்கு ஜிக்ஜாக்கும் காஜாவும் தெரியாது, நாலடி மேசையோடு வருவதால் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் வரவேற்பறையில் பாதியை அடைத்துக்கொள்ளும், ஊசியும் வேறு வகை. பயன்படுத்தியதை வாங்குவதானால், சுவிட்சைப் போட்டதிலிருந்தே இரைந்துகொண்டு மின்சாரம் இழுக்கும் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, மிதித்தால் மட்டும் சுழலும் சர்வோ மோட்டாரைப் பொருத்தித் தருவார்களா என்று விலை பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.