மலையக ஈரத்தில் தோல் பையும் அதன் மாற்றுகளும்

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் நான், பஸ்ஸில் இறங்கி நெடுந்தூரம் நடந்தே செல்பவன். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால், மாணவரின் கொப்பிகள் நனையாமல் வீடு வந்து சேர்வது தோளில் தொங்கும் பையைப் பொறுத்ததே.

2015 இல் புறக்கோட்டையில் வாங்கிய, துணியின்மேல் பொலியூரெத்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசித் தோல்போல் செய்த பை முதல் மூன்று ஆண்டுகள் குறை சொல்ல இடம் வைக்கவில்லை. ஒரு டிசம்பர் விடுமுறையில் அலுமாரியில் வைத்துவிட்டு ஜனவரியில் எடுத்தபோது, மடிப்புகள் பிசுபிசுத்தன. துணியால் துடைத்ததும் கறுப்புப் படலம் செதில் செதிலாகக் கையோடு வந்து, அடியிலிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. இது தேய்மானத்தால் வந்ததன்று. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளைக் கோத்து வைக்கும் எஸ்தர் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. நீர்ப்பகுப்பு எனப்படும் இது, பாவிக்காமல் மூடி வைத்தாலும் நிற்காது. ரெக்சினுக்கு இந்த நோய் இல்லை. ஆனால் அதை இளக்கும் பொருள் காலப்போக்கில் வெளியேறிவிடுவதால், குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த அன்னாசி இலை நார்ப் பையை நான் பெரிதும் நம்பினேன். அன்னாசி நாரோடு பொலிலக்டிக் அமிலம் என்ற தாவரவழிப் பிளாஸ்டிக் கலந்து செய்யும் அத்துணிக்கு மேலே பிசின் பூச்சு உண்டு. நார் இன்றும் உறுதியாக இருக்க, மூலைகளில் பூச்சுத்தான் முதலில் உரிந்தது. தாவரத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் பொருள்களில் மேற்பூச்சு என்ன என்று கேட்பது, எந்தத் தாவரம் என்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

2016 முதல் என்னிடம் இருக்கும் மாட்டுத்தோல் பைக்கும் இந்த ஈரம் பகைதான். ஜூன் மாதத்தில் நான்கு நாள் தொடாமல் விட்டால் சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட வைத்து, மெல்லிய மெழுகு தடவினால் போய்விடும். ஒருமுறை அவசரத்தில் அடுப்படியில் உலர்த்தினேன். வெப்பத்தில் சுருங்கிய தோள்வார் பலகைபோல் விறைத்து, மறுவாரமே வெடித்தது. பஸ் தரிப்பிடத்துக்கருகே சப்பாத்து தைக்கும் பெரியவர் புதிய வாரை மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். பொலியூரெத்தேன் பையைக் காட்டியபோதோ, ஊசி ஏறும் இடமெல்லாம் கிழிகிறதென்று கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்.

தோலைக் கொள்கையாகவே தவிர்க்கும் சக ஆசிரியைக்கு நான் சொல்வது, மெழுகேற்றிய தடித்த கன்வஸ் பை. உரிவதற்குப் பூச்சுப் படலம் அதில் இல்லை; கிழிந்தால் தைக்கலாம். தோல்தான் வேண்டுமென்பவர் ‘அசல் தோல்’ என்ற முத்திரையோடு நின்றுவிட வேண்டாம். உட்பிரிவுத் தோலின்மேல், அதாவது மேற்படையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் அடித்தோலின்மேல், பொலியூரெத்தேன் ஒட்டியதும் அதே பெயரில் விலைப்படுகிறது. மடிக்காமல் வெட்டி விட்ட ஓரத்தைத் தேடி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நார்களின்மேல் தனித்த பிளாஸ்டிக் கோடு தெரிந்தால், அந்தப் பையும் நம் ஈரத்தில் உரியும்.