டீப் புளூவா, ஆல்பாகோவா?

செயற்கை நுண்ணறிவைப் புதிதாகப் படிப்பவர்கள் ஆட்டம் ஆடும் இந்த இரண்டு கணினி அமைப்புகளிலிருந்து தொடங்கலாம். 1997-இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்ற ஐபிஎம்மின் டீப் புளூ, நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. எந்த நிலை சாதகமானது என்று எடைபோடும் விதிகளை மனிதர்களே வகுத்துக் கொடுத்தார்கள்.

கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ‘கோ’ என்ற பலகை ஆட்டத்தில் அந்த வழி எடுபடவில்லை. 19-க்கு 19 கோடுகள் கொண்ட பலகையில் வாய்ப்புகள் எண்ணி மாளாதவை. நல்ல நிலை எது என்று விதியாக எழுதுவதும் கடினம். டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்பாகோ மனிதர்களின் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியது, பிறகு தன்னோடு தானே ஆடித் தேறியது. 2016-இல் சியோலில் தென் கொரிய கோ வீரர் லீ செடோலை 4-1 என வென்றது. இரண்டாம் ஆட்டத்தின் 37-ஆவது நகர்வாக அது வைத்த காய் வல்லுநர்களையே திகைக்க வைத்தது. எவ்வளவு அழகான ஆட்டம் அது!

டீப் புளூவின் முடிவுக்குக் காரணத்தை விதிகளில் தேடலாம். ஆல்பாகோவிடம் அது எளிதல்ல. ஆனாலும் ஆல்பாகோவையே முதலில் படியுங்கள். இன்றைய சாட்பாட்டுகளும் தரவிலிருந்து கற்றவைதான்.